திகனயின் இறுவட்டுகள்: பழைய பெட்டிக்கும் புதிய திரைக்கும் இடையில் சிக்கிய நினைவுகள்

டிவிடி பிளேயர் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி என்று இன்று எழுதுவது காலம் கடந்த வேலையாகத் தோன்றலாம். படம் பார்க்கக் கைபேசி இருக்கிறது. பாட்டுக் கேட்க யூடியூப் இருக்கிறது. ஆனால், போரையும் வன்செயலையும் கடந்து வந்த வீடுகளில் அந்தக் கருவியின் பயன் படம் பார்ப்பதோடு முடிவதில்லை. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலைக் கலைவிழா, கோயில் திருவிழா, மரணச் சடங்கு என எமது குடும்பங்களின் அசையும் படங்களில் பெரும்பகுதி 2000களின் தொடக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் இறுவட்டுகளில்தான் பதிவாகின. அவற்றில் இருக்கும் முகங்களில் சில இன்று இல்லை. சிலர் எங்கே என்று இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் நடந்ததையும் சிரித்ததையும் பேசியதையும் திரும்பக் காட்டக்கூடிய ஒரே பொருள் அந்த வட்டுதான் என்றால், அதைச் சுழற்றும் கருவி கிடைக்குமா, எது பொருந்தும் என்பது வெறும் நுகர்வோர் கேள்வியாக நின்றுவிடாது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். கருவியை வீட்டிலுள்ள தொலைக்காட்சியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வீட்டிலுள்ள வட்டுகளைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பின்னர் அந்த வட்டுகளைப் பிரதி எடுப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள். அதற்கான காலம் குறுகிக்கொண்டே வருகிறது.

திகன ஏன்?

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் ஏ26 வீதியில், குண்டசாலையைத் தாண்டியதும் வருவது திகன. அதற்கு அப்பால் தெல்தெனிய. இந்தப் பகுதியின் கதையே இழந்த வீடுகளின் கதைதான். மகாவலித் திட்டத்தின் கீழ் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீருக்குள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டனர். அணையைக் கட்ட வந்த பொறியியலாளர்களுக்கான குடியிருப்பு திகனயில் எழுந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் அருகருகே வாழும் பகுதி இது.

2018 மார்ச்சில் இந்தப் பெயரை உலகமே கேட்டது. தெல்தெனியவில் நடந்த வாய்த்தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மரணமானதைத் தொடர்ந்து, முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் சிக்கிய இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான வீடுகள், கடைகள், வாகனங்களுக்குச் சேதம் என்று கணக்கெடுத்தார்கள். கூரைக்கும் சுவருக்கும் பொருட்களுக்கும் நட்டஈடு மதிப்பிட வழி உண்டு. எரிந்த அலுமாரிக்குள் இருந்த திருமண அல்பத்துக்கும் இறுவட்டுக்கும் எந்தப் படிவத்திலும் நிரல் கிடையாது.

வன்னிக்கும் இந்த மலைகளுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1977இலும் 1983இலும் மலையகத்திலும் தெற்கிலும் தமிழர் தாக்கப்பட்டபோது, தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற கிராமங்களில் அவர்களின் சந்ததி இன்றும் வாழ்கிறது. தாய்மாமன் கண்டிப் பக்கத் தோட்டத்திலும் மருமகள் கிளிநொச்சியிலும் என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வன்னியில் இருந்த பிரதி இறுதிப் போரில் அழிந்திருக்கலாம். அதே விழாவின் இன்னொரு பிரதி மலையில் உள்ள உறவினரின் பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கலாம். திகனயில் ஒரு டிவிடி பிளேயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே முதல் பதில்.

வட்டு வீட்டுக்குள் வந்த விதம்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கப்பட்டது. வடக்குக்கு அதுவரை எட்டாதிருந்த மின்சாதனங்கள் லொறிகளில் ஏறி வந்தன. புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்ததும் அனுப்பியதும் சேர்ந்தன. ஒளிநாடா போய் விசிடி வந்தது; பிறகு டிவிடி. லண்டனில் நடந்த கல்யாணத்தை முல்லைத்தீவில் இருந்த அம்மம்மா வட்டில் பார்த்தார். முல்லைத்தீவில் நடந்த சாமத்தியச் சடங்கை ரொறன்ரோவில் இருந்த சித்தப்பா வட்டில் பார்த்தார். நான்கு ஆண்டுகள்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது.

2009 மே மாதம் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வன்னியிலிருந்து வெளியேறி, பெரும்பாலும் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் அல்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியவில்லை. அதோடு பயமும் இருந்தது. ஒரு படத்தில் யாராவது ஒருவர் சீருடையுடன் நின்றால் அந்த அல்பம் முழுவதுமே ஆபத்தாகிப் போனது. புதைத்தவர்கள் இருக்கிறார்கள், தாங்களே எரித்தவர்களும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் தமது குடும்பப் படங்களை இவ்வாறே பின்னால் விட்டுவர நேர்ந்தது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்திய படங்களை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு படம், ஒரு குழுப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம் என்று எத்தனை. மகனின் முகத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் அந்தத் தாயிடம் இல்லை. உறவினர் வீட்டு வட்டொன்றில் அவன் பத்துச் செக்கன் நடந்து போகிறான் என்றால், அந்தப் பத்துச் செக்கனுக்கு விலை சொல்ல யாராலும் முடியாது.

சந்தை கதவை மூடுகிறது

உலகம் வட்டைக் கைவிட்டு வருகிறது. ஒளிநாடாக் கருவி தயாரித்த கடைசி பெரிய நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்தியது. வட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பியே வளர்ந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டெம்பரில் அந்தச் சேவையை முடித்தது. சோனி 2025 பெப்ரவரியில் பதிவு செய்யக்கூடிய புளூரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. பெயர்பெற்ற நிறுவனங்கள் விலக விலக, எஞ்சும் இடத்தை அதிகம் பெயர் தெரியாத மலிவுக் கருவிகள் நிரப்புகின்றன.

இலங்கையில் இதற்கு மேல் இன்னொரு சுமை உண்டு. 2022இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்து பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன. பெறுமதிசேர் வரி 2022இல் 8 வீதத்திலிருந்து 12க்கும் பின்னர் 15க்கும் உயர்ந்து, 2024 ஜனவரி முதல் 18 வீதமாகியது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி சொன்னது. அந்தக் கணக்கில் ஒரு மலிவுக் கருவிகூடப் பல நாள் உழைப்பு. தவறான ஒன்றை வாங்கி, பிறகு இன்னொன்று வாங்க இந்தக் குடும்பங்களால் முடியாது. எனவே முதல் தடவையே சரியாகத் தெரிவு செய்வது அவசியம்.

எதைப் பார்த்து வாங்குவது?

கண்டிப் பகுதியில் ஒரு வீட்டின் முன்னறையில் இன்றும் இரண்டு விதமான தொலைக்காட்சிகளைக் காணலாம். ஒன்று, முதுகு பருத்த பழைய பெட்டி. மற்றையது, தவணை முறையில் வாங்கிய தட்டைத் திரை. பெட்டி இன்று இருக்கிறது, நாளை பழுதாகலாம். தட்டைத் திரை இன்று இல்லை, நாளை வரலாம். ஆகவே இரண்டோடும் பொருந்தும் கருவியே வேண்டும்.

முதலில் கருவியின் பின்புறத்தைப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருக்க வேண்டும். இதைத்தான் கடைக்காரர்கள் ஏ.வி. என்பார்கள். பழைய பெட்டிக்கு இதுவே வழி. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒலிக்கு ஒரே ஒரு துளை மட்டுமுள்ள பெட்டியாயின் வெள்ளையைச் செருகினால் போதும். பக்கத்திலேயே எச்.டி.எம்.ஐ. துளையும் இருக்க வேண்டும். தட்டைத் திரைக்கு அது ஒரே வயரில் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்லும். இரண்டும் உள்ள கருவி சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

ஏ.வி. மட்டும் உள்ள கருவி ஏற்கனவே வீட்டில் இருந்தால், புதிய திரையைக் கவனமாகப் பாருங்கள். பல தட்டைத் திரைகளில் மஞ்சள் துளை தனியாக இருக்காது. பச்சை நிறத் துளையே மஞ்சளுக்கும் பயன்படும். வேறு சிலவற்றில் ஹெட்போன் துளை போன்ற ஒரு சிறு துளையும் அதற்கென ஒரு குட்டை வயரும் பெட்டியோடு வந்திருக்கும். அந்த வயரைத் தொலைத்துவிட்டுக் கருவி பழுது என்று நினைப்பவர்கள் அதிகம். ஏ.வி. துளையே இல்லாத திரையென்றால் மாற்றுக் கருவி ஒன்று தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவதும், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவதும் வெவ்வேறு கருவிகள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் திசை என்று கேட்டு வாங்குங்கள்.

மிகப் பழைய பெட்டிகளில் அன்டெனாத் துளை மட்டுமே இருக்கும். அதற்கு ஏ.வி.யை அன்டெனா அலையாக மாற்றும் சிறு பெட்டி வேண்டும். அதைத் தேடி அலைவதைவிட ஏ.வி. உள்ள இன்னொரு பழைய பெட்டியைத் திருத்துநரிடம் கேட்டுப் பார்ப்பது மலிவாக முடியலாம். பெட்டியின் ஒரே ஏ.வி. துளையை டிஷ் பெட்டி ஏற்கனவே பிடித்திருந்தால், முன்பக்க மூடிக்குள் இன்னொரு துளைத் தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் மாற்றி மாற்றித் தெரியும் சிறு ஆளி ஒன்று போதும்.

அடுத்ததுதான் புலம்பெயர் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. இலங்கையும் இந்தியாவும் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் பி.ஏ.எல். எனும் ஒளிபரப்பு முறையில் வளர்ந்த நாடுகள். கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறை நாடுகள். ரொறன்ரோவிலிருந்து வந்த கல்யாண வட்டை இங்குள்ள பழைய பெட்டியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது உருண்டுகொண்டே இருக்கலாம். வட்டு பழுதில்லை, முறைதான் வேறு. கருவியின் அமைப்புப் பட்டியலில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி., ‘ஓட்டோ’ என்று தெரிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பெட்டித் தொலைக்காட்சிக்கு அதை பி.ஏ.எல். என்று வைத்தால், முறையை மாற்றித்தரும் கருவியில் கனடா வட்டும் நிறத்தோடு ஓடும். பெரும்பாலான தட்டைத் திரைகள் இரண்டையும் ஏற்கும்.

பிராந்தியக் குறியீடு இன்னொரு விடயம். வர்த்தகப் படங்களின் டிவிடிகளுக்கு உலகத்தைப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் 5, ஐரோப்பா 2, வட அமெரிக்கா 1, அவுஸ்திரேலியா 4. வீட்டு விழா வட்டுகளுக்கு இந்தப் பூட்டு பெரும்பாலும் கிடையாது. உறவினர் அனுப்பிய சினிமா வட்டுகளும் வீட்டில் இருந்தால் ‘எல்லாப் பிராந்தியமும்’ என்று குறித்த கருவியைக் கேளுங்கள்.

வீட்டிலுள்ள வட்டு எது என்றும் பாருங்கள். 2000களின் முற்பகுதி வட்டுகளில் பெரும்பாலானவை விசிடி. ஒரு வட்டில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும். அதனால்தான் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு வட்டுகள். டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். படத்தின் தெளிவும் அதிகம். எல்லா டிவிடி பிளேயரும் விசிடியை ஓட்டும் என்று நம்பிவிடாதீர்கள். கருவியின் பெட்டியில் விசிடி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, வீட்டிலிருந்து ஒரு விசிடி, ஒரு டிவிடி, கீறல் விழுந்த ஒன்று என மூன்று வட்டுகளைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது. கீறல் விழுந்த வட்டை எது பொறுமையாக வாசிக்கிறதோ அதுவே நல்ல கருவி. விளம்பரத்தில் உள்ள எந்தச் சொல்லும் இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

‘1080 வரை தெளிவைக் கூட்டும்’ என்ற வாசகத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். வட்டில் இல்லாத விபரத்தை எந்தக் கருவியாலும் உருவாக்க முடியாது. படம் அகலமாக இழுபட்டு முகங்கள் பருத்துத் தெரிந்தால், பழுது எதுவும் இல்லை. பழைய பதிவுகள் 4:3 அளவிலானவை. தட்டைத் திரையின் ரிமோட்டில் அந்த அளவைத் தெரிவு செய்யுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும், மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள்.

யூ.எஸ்.பி. துளை இருந்தால் நல்லது. ஆனால் மலிவுக் கருவிகள் பல, கைபேசியில் எடுத்த எம்.பி.4 காணொளிகளை ஓட்டாது. பழைய வகைக் கோப்புகளையே ஏற்கும். கைபேசிக் காணொளிகளைத் தட்டைத் திரையின் யூ.எஸ்.பி. துளையிலேயே நேரடியாகப் பார்க்கலாம்.

காற்றில் வரும் குழப்பம்

பழைய பெட்டியை வைத்திருப்பதா விடுவதா என்ற கேள்விக்கு அரச கொள்கையும் தெளிவான பதில் தரவில்லை. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.ரி.என். உடன் தொடங்கியது, ரூபவாஹினி 1982இல் ஜப்பானிய உதவியுடன் வந்தது. அனலொக் ஒளிபரப்பை டிஜிட்டலாக மாற்ற முதலில் ஐரோப்பிய டி.வி.பி.-டி2 முறையை நாடிய இலங்கை, 2014இல் ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-டி முறைக்கு மாறியது. ஜப்பான் கடனுக்கான உடன்படிக்கையும் அதே ஆண்டில் செய்யப்பட்டது. சீனக் கடனில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் ஒலி, ஒளிபரப்புக்கென்றே எழுந்து, 2019 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தபோது வெளிநாட்டுக் கடன் திட்டங்கள் தடைப்பட்டன. முடிவெடுத்துப் பத்து ஆண்டுகள் தாண்டியும் கிராமத்து அன்டெனாவில் அனலொக் அலைதான்.

வாங்குபவருக்கு இதில் இரண்டு பாடங்கள். வளைகுடாவிலிருந்து கொண்டுவரும் திரையில் ‘டிஜிட்டல் டியூனர்’ என்று எழுதியிருந்தாலும் அது இலங்கை தெரிவு செய்த முறையோடு பொருந்தாமல் போகலாம். என்றோ ஒருநாள் மாற்றம் வரும்போது பழைய பெட்டிக்கு ஒரு மாற்றுப்பெட்டி தேவைப்படும்; அதுவும் அதே மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளால்தான் இணையும். எனவே ஏ.வி. உள்ள பெட்டி வேலை செய்தால் அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

பார்த்தால் மட்டும் போதாது

வட்டும் சாகும். வீட்டு விழாக்களைப் பதிந்த வட்டுகள் பெரும்பாலும் கணினியில் எரித்து எடுத்தவை. அவற்றில் படம் ஒரு மெல்லிய சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். மலைப்பகுதியின் ஈரப்பதன், ஓட்டுக் கூரையின் வெக்கை, லயன் அறையின் ஒழுக்கு என எல்லாமே அதற்குப் பகை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. போரிலும் தீயிலும் தப்பியது மண்ணுக்குள் போக ஓர் இரவு போதும் என்பதை அது காட்டியது.

ஆகவே ஓடுகிற வட்டை, அது ஓடும்போதே பிரதி எடுக்க வேண்டும். வட்டு வாசிக்கும் வசதி உள்ள கணினி ஒன்று, அல்லது யூ.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி வாசிப்பி ஒன்று இதற்குப் போதும். வட்டிலுள்ள கோப்புறைகளை மாற்றாமல், சுருக்காமல், முழுதாக அப்படியே நகலெடுங்கள். கைபேசிக்கு ஏற்ற சிறிய பிரதியைப் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று வெளிநாட்டிலுள்ளவரிடம் இருக்கட்டும். திகனயில், கிளிநொச்சியில், ரொறன்ரோவில் என்று சிதறிப்போனது எமது துயரம். பிரதிகளைப் பாதுகாக்க அதே சிதறலைப் பயன்படுத்திக்கொள்வோம். கணினிக்கு வழியே இல்லையென்றால், வட்டைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, இருட்டு அறையில் கைபேசியை ஆடாமல் நிறுத்திப் படம் பிடியுங்கள். தரம் குறையும், முகம் மிஞ்சும்.

மூல வட்டை எறிய வேண்டாம். நடுவிலிருந்து வெளிநோக்கி மென்மையான துணியால் துடைத்து, உறையில் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே காகிதம் ஒட்டாதீர்கள். யாருடைய விழா, எந்த ஆண்டு, எந்த ஊர், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கொப்பியொன்றில் எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், பத்து ஆண்டுகளில் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆளிருக்காது.

பிரதி எடுக்கக் கடையில் கொடுக்கலாமா என்று பலர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தற்காலிகம் என்று சொல்லி 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பேஸ்புக்கில் ஒரு நினைவுகூரல் படத்தைப் பகிர்ந்ததற்காகவே அச்சட்டத்தின் கீழ் கைதானவர்கள் இருக்கிறார்கள். இறந்த பிள்ளையின் படத்தை வைத்திருப்பதற்கே ஒரு தாய் இன்னும் அஞ்ச வேண்டியிருக்கிறது என்றால், நல்லிணக்கம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? அந்த அச்சம் நீங்கும்வரை, வட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கூடவே இருந்து எடுங்கள். கடைக் கணினியில் பிரதி மிஞ்சாமல் அழிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டிலோ, நம்பிக்கையான உறவினரின் மடிக்கணினியிலோ செய்யுங்கள்.

சமூக ஊடகத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்ற எண்ணமும் பிழை. 2018 மார்ச்சில் ஒரே உத்தரவில் அந்தத் தளங்கள் நாடு முழுவதும் முடங்கியதை இந்தப் பகுதி கண்டது. வெறுப்பைப் பரப்பிய பதிவுகளை அகற்றத் தவறியதற்கு பேஸ்புக் 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது. எதை வைத்திருப்பது, எதை நீக்குவது என்ற முடிவு எம்முடையதல்ல.

நினைவும் சாட்சியும்

2018இன் திகன இன்னொன்றையும் கற்றுத்தந்தது. பாதிக்கப்பட்டோர் சொன்னதையும் கண்காணிப்புக் கமெராப் பதிவுகளையும் கொண்டு, பொலிஸாரும் உள்ளூர் அரசியல்வாதிகளும் வன்முறையில் சம்பந்தப்பட்டதாக ரொய்ட்டர்ஸ் அந்த மாத இறுதியில் செய்தி வெளியிட்டது. அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் அது ஒருவர் சொல்லை இன்னொருவர் மறுப்பதாகவே முடிந்திருக்கும். ஆனால், கண்காணிப்புக் கமெராவின் சேமிப்பு சில நாட்களிலோ வாரங்களிலோ நிரம்பி, பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். உடனே நகலெடுத்தவரிடம்தான் சாட்சி மிஞ்சும்.

வன்னியின் அனுபவமும் அதுவே. 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி சனல் 4 வெளியிட்ட, கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியைப் போலி என்று அரசாங்கம் மறுத்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆராய ஒரு கோப்பு இருந்ததால்தான் அது சாத்தியமானது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறையை உருவாக்கியது. இலங்கைச் சட்டத்திலும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிகள் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சான்றாக முன்வைக்க வழிசெய்கிறது. எங்கு போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, மூலம் எங்கே, அதில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதே. வீட்டு வட்டு ஒன்று நாளை எதற்குச் சான்றாகும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் இந்த ஆண்டில், இந்த ஊரில், உயிரோடு இருந்தார் என்பதற்கு மட்டுமேனும் அது சான்று.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானது. குடும்பங்களிடம் விபரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஆணைக்குழுக்கள் பல. அந்தக் குடும்பங்களின் கையிலுள்ள படங்களும் வட்டுகளும் அழியாமல் காக்க உதவுவதும் அரசின் கடமைதான். அது பெரும் செலவு அல்ல. ஒவ்வொரு பிரதேச நூலகத்திலும் ஒரு டிவிடி பிளேயர், ஒரு ஒளிநாடாக் கருவி, ஒரு கணினி, பயிற்சி பெற்ற ஒருவர், குடும்பத்தவர் மட்டும் இருந்து பார்க்க ஓர் அறை போதும். பிரதி குடும்பத்துக்கே சொந்தம், எவரும் கேட்டு வாங்க முடியாது என்ற எழுத்துமூல உறுதி முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தின் சமூகம் அந்த உறுதி இல்லாமல் தன் வட்டை யாரிடமும் ஒப்படைக்காது, ஒப்படைக்கவும் தேவையில்லை. 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள், அரசு இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கின்றன. கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் ஒரு கருவியைப் பொதுவில் வாங்கிவைத்தால், பத்து வீடுகள் பத்துக் கருவிகள் வாங்க வேண்டியதில்லை.

திகனயிலோ தர்மபுரத்திலோ ஒரு மலிவு டிவிடி பிளேயரின் ஆயுள் சில ஆண்டுகள்தான். அதன் லென்ஸ் மங்குவதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொரு வட்டையும் ஒரு தடவையாவது ஓட்டி, பெயர் எழுதி, நகலெடுத்து முடித்துவிட்டால் அதற்குக் கொடுத்த காசு வீண்போகாது. அலுமாரிக்கு மேலிருக்கும் பெட்டியை இந்த வார இறுதியில் இறக்கிப் பாருங்கள்.